மான்செஸ்டரில் எங்கெல்ஸுக்கு யார் நண்பர்கள்?

எங்கெல்ஸ் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஒரு தாடி. மார்க்ஸின் பெரிய தாடிக்குப் பக்கத்தில் கொஞ்சம் சின்னதாக, இன்னொரு தாடி. கட்சி அலுவலகச் சுவர்களில் அப்படித்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். அந்த மனுஷன் சாயங்காலத்தில் என்ன செய்வார், யாரோடு சாப்பிடுவார், ஞாயிற்றுக்கிழமை எங்கே போவார் என்று நான் யோசித்ததே இல்லை. மார்க்ஸும் அவரும் எழுதிக்கொண்ட கடிதங்களைக் கொஞ்ச நாளாகப் படித்துவருகிறேன். தத்துவம் தேடித்தான் போனேன். மாட்டிக்கொண்டது ஒரு வெளிநாட்டுவாசியின் அன்றாட வாழ்க்கை. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் கொஞ்சம் பின்னணி. எங்கெல்ஸ் 1820இல் ஜெர்மனியில் பார்மென் என்ற ஊரில் பிறந்தவர். அப்பாவுக்கு நூல் ஆலை. மான்செஸ்டரில் 'எர்மென் அண்டு எங்கெல்ஸ்' என்ற கம்பெனியில் பங்கு. தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்று 1842 கடைசியில் மகனை அங்கே அனுப்பினார். மகன் தொழிலோடு தொழிலாளர்களின் நிலைமையையும் கற்றுக்கொண்டு, 1845இல் அதைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். 1848 புரட்சி தோற்றதும் ஊருக்குத் திரும்ப வழியில்லை. 1850 நவம்பரில் மறுபடி மான்செஸ்டர், அதே கம்பெனி, அதே கணக்குப் புத்தகம். இந்த முறை இருபது வருஷம் அங்கேயே. அவர் சம்பளத்தில் ஒரு பகுதி லண்டனில் மார்க்ஸ் குடும்பத்துக்குப் போகும். தபாலில் திருடு போகாமல் இருக்க ரூபாய் நோட்டை, மன்னிக்கவும், பவுண்டு நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஒரு கடிதத்திலும் மறு பாதியை இன்னொன்றிலும் அனுப்புவாராம்!

அன்றைய மான்செஸ்டர் பருத்தியின் தலைநகரம். 1853இல்தான் அதற்கு 'சிட்டி' அந்தஸ்து கிடைத்தது. பருத்தி வியாபாரத்துக்காக வந்த ஜெர்மானியர்கள் நிறைய பேர். 1858இல் ஹாலே இசைக்குழுவைத் தொடங்கிய சார்லஸ் ஹாலேகூடப் பிறப்பால் ஜெர்மானியர்தான். வெளிநாட்டில் நம்ம ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு தமிழ்ச் சங்கம் வருமே, அதே கதை. 1859இல் கவிஞர் ஷில்லரின் நூற்றாண்டு விழா கொண்டாடினார்கள். அதன் தொடர்ச்சியாக 'ஷில்லர் அன்ஸ்டால்ட்' என்ற மன்றம் வந்தது. நூலகம், வாசிப்பறை, பில்லியர்ட்ஸ் எல்லாம் உண்டு. எங்கெல்ஸ் அதில் உறுப்பினர். 1861இல் ஒரு புத்தகத்தைத் திருப்பித் தரச் சொல்லி நூலகத்திலிருந்து அவருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. அதன் தோரணையைப் பார்த்துக் கொதித்துப்போய், ஜெர்மன் போலீஸ்காரன் சம்மன் அனுப்பியதுபோல இருக்கிறது என்று நீளமாக ஒரு பதில் எழுதினார். சங்கச் சண்டை எல்லா ஊரிலும் ஒன்றுதான்! மூன்று வருஷம் கழித்து, 1864இல், அதே மன்றத்துக்கு அவரே தலைவர். 1868இல் தங்கள் பரம எதிரியான கார்ல் ஃபோக்டைப் பேச அழைத்தார்கள் என்று பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

இது போக ஆல்பர்ட் கிளப். இது போகக் குதிரை. செஷயர் வட்டாரத்துப் பணக்காரர்களோடு நரி வேட்டைக்குப் போவார். 1857 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஏழு மணி நேரம் சேணத்தை விட்டு இறங்கவில்லை என்று மார்க்ஸுக்குப் பெருமையாக எழுதுகிறார். பகலில் பருத்தித் தரகர்கள், விடுமுறையில் பண்ணையார்கள், ராத்திரியில் முதலாளித்துவத்தை ஒழிப்பது பற்றிக் கட்டுரை. ஒரே ஆள்தான்!

நெருக்கமான வட்டம் வேறு. வில்ஹெல்ம் வோல்ஃப், செல்லமாக 'லூபஸ்'. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். 1864இல் இறந்தபோது சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பெரும்பகுதியை மார்க்ஸுக்கு எழுதிவைத்தார். 'மூலதனம்' முதல் பாகம் இவருக்குத்தான் காணிக்கை. டாக்டர் கும்பெர்ட் இன்னொருவர். பின்னாளில் வேதியியலாளர் கார்ல் ஷோர்லெம்மர் சேர்ந்துகொண்டார். ஆய்வக வெடிப்புகளில் முகமெல்லாம் தழும்பு. 1871இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானவர். 'மூலதன'த்தைப் பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான சாமுவேல் மூர் மட்டும்தான் இதில் இங்கிலாந்துக்காரர்.

சரி, வீடு? இங்கேதான் சிக்கல். எங்கெல்ஸுக்கு இரண்டு வீடு. வியாபாரிகளும் உறவுக்காரர்களும் வந்துபோக ஒரு கௌரவமான வாடகை வீடு. இன்னொரு வீட்டில் மேரி பர்ன்ஸும் அவள் தங்கை லிஸ்ஸியும். மேரி ஐரிஷ் தொழிலாளர் குடும்பத்துப் பெண். முதல் தடவை மான்செஸ்டர் வந்தபோதே பழக்கம். கல்யாணம் என்ற ஏற்பாட்டில் நம்பிக்கை இல்லாததால் தாலி, மோதிரம் எதுவும் இல்லை. ஏறத்தாழ இருபது வருஷ வாழ்க்கை. மேரியின் குரல் இந்தக் கடிதங்களில் இல்லை. அவளைப் பற்றி மற்றவர்கள் சொன்னதுதான் நமக்கு மிச்சம்.

1863 ஜனவரி 7. எங்கெல்ஸ் மார்க்ஸுக்கு நாலு வரிக் கடிதம் எழுதுகிறார். மேரி போய்விட்டாள், திடீரென்று, ராத்திரியில்.

மறுநாளே மார்க்ஸிடமிருந்து பதில். ஆரம்பத்தில் அதிர்ச்சி என்று ஓரிரு வரி. பிறகு முழுக்க முழுக்கத் தன் பணக் கஷ்டம். பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, கடன் தர மறுக்கும் கடைக்காரர்கள். கடைசியில், மேரிக்குப் பதிலாக வயதான தன் அம்மா போயிருக்கக் கூடாதா என்ற தொனியில் ஒரு பேச்சு வேறு. படிக்கும்போதே எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஐந்து நாள் எங்கெல்ஸ் பேனாவைத் தொடவில்லை. ஜனவரி 13 அன்று எழுதிய கடிதத்தில் கத்தவில்லை, திட்டவில்லை. என் நண்பர்கள் எல்லோரும், இங்கே எனக்குத் தெரிந்த 'பிலிஸ்டைன்'கள் உட்பட, நான் எதிர்பார்த்ததைவிட அதிகமான பரிவு காட்டினார்கள், நீ மட்டும் உன் குளிர்ந்த புத்தியைக் காட்ட இதுதான் சமயம் என்று நினைத்துவிட்டாய் என்கிற பொருளில் எழுதுகிறார்.

பிலிஸ்டைன் என்றால்? காசு, சாப்பாடு தவிர வேறு சிந்தனை இல்லாத ஆட்களை இவர்கள் இரண்டு பேரும் கேலியாகச் சொல்லும் வார்த்தை. வருஷக்கணக்காகக் கடிதங்களில் கிண்டலடித்த அதே கூட்டம்தான், மேரி செத்தபோது எங்கெல்ஸ் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறது.

இந்த ஒரு வரியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இரண்டாவது வீடு பெரிய ரகசியம் என்றுதான் வழக்கமாக எழுதுகிறார்கள். ரகசியம் என்றால் வெறும் அறிமுகக்காரர்கள் எப்படித் துக்கம் கேட்டார்கள்? என் ஊகம் இதுதான்: அவர்களில் பலருக்கும் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் தெரியாததுபோல இருந்தார்கள். நாகரிகம் என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஜனவரி 24இல் மார்க்ஸ் மன்னிப்புக் கேட்டார். கடிதத்தை அனுப்பிய உடனேயே வருந்தியதாகவும், அன்று வீட்டில் கடன்காரர்களுக்காக ஜப்தி ஆள் உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னார். அவர் மன்னிப்புக் கேட்பது அபூர்வம். இரண்டு நாளில் எங்கெல்ஸ் பதில் போட்டார். மேரியோடு தன் இளமையின் கடைசித் துண்டையும் புதைத்ததுபோல இருந்தது என்றும், அவளோடு சேர்த்துப் பழைய நண்பனையும் இழக்காமல் போனதில் நிம்மதி என்றும் எழுதினார். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வராமல் ஆலைகள் மூடிக்கிடந்த காலம் அது, அவரிடமும் பணம் இல்லை. இருந்தும் எப்படியோ புரட்டி 100 பவுண்டு அனுப்பினார்.

இந்த இடத்தில் என் கதை இரண்டு வரி. அப்பா இறந்தபோது நான் வெளியூர் வேலையில் இருந்தேன். உயிர் நண்பன் என்று நான் நினைத்தவனிடமிருந்து மூன்றாம் நாள் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அறை வாசலில் முதலில் வந்து நின்றது, கிரிக்கெட் தவிர வேறெதுவும் என்னோடு பேசியிராத ஆபீஸ்காரர். டிக்கெட் அவர்தான் போட்டார், பையை மடித்துக் கட்டியதும் அவர்தான். அதற்கு முன்னால் அவரை நண்பர் என்று யாரிடமும் நான் சொன்னதில்லை.

1869 ஜூன் 30 எங்கெல்ஸுக்கு ஆபீஸில் கடைசி நாள். அப்போது அங்கே தங்கியிருந்த மார்க்ஸின் மகள் எலியனோருக்கு வயது 14. காலையில் கடைசித் தடவையாக என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு பூட்ஸ் மாட்டினார் என்றும், திரும்பும்போது கைத்தடியைச் சுழற்றிப் பாடிக்கொண்டே வயல் வழியாக வந்தார் என்றும், அன்று ஷாம்பெயின் திறந்தார்கள் என்றும் அவர் பின்னாளில் எழுதிவைத்தார். அடுத்த வருஷம் எங்கெல்ஸ் லிஸ்ஸியோடு லண்டனுக்கு, மார்க்ஸ் வீட்டுப் பக்கத்திலேயே குடிபோனார். வரலாறு பெரிய நட்பைத் தூக்கிவைத்துக்கொண்டது. நியாயம்தான். ஆனால் 1863 ஜனவரியில் துக்கம் கேட்க வந்தவர்கள் யார் யார் என்று அந்தக் கடிதத்தில் பெயர்கள் இல்லை. அவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்பை எழுதிவைக்கத் தோன்றியது.

அந்த ஆபீஸ்காரருக்கு நேற்று போன் செய்தேன். வழக்கம்போலக் கிரிக்கெட்தான் பேசினோம்.