மன்றாடுதல்

கிராம சபையில் குடிநீர் கேட்டு மக்கள் ‘மன்றாடினர்’ என்று செய்திகளில் எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் மனம் சுருங்குகிறது. இன்று அச்சொல்லுக்குக் கெஞ்சுதல் என்பதே பொருள். தேவாலயத்தில் ‘மன்றாட்டு’ என்றால் இறைவனிடம் வேண்டுதல். ஆனால் மன்று, மன்றம் என்பவை சங்க காலத்தில் ஊரார் மரத்தடியில் கூடிய பொதுவெளி. மாடுகள் அடையும் வெளிக்கும் மன்று என்றே பெயர். சோழர் கல்வெட்டுகளில் ‘மன்றாடி’ ஆடு மேய்ப்பவர். திருநெல்வேலிப் பக்கம் மானூரில் உள்ள, சுமார் 1,200 ஆண்டு பழைய பாண்டியர் கல்வெட்டில் மன்றாடுதல் என்பது சபையில் அமர்ந்து ஊர்க் காரியம் பேசும் உரிமை. எதற்கெடுத்தாலும் மறுத்துத் தடுப்பவருக்கு ஐந்து காசு தண்டம் என்றும் அது விதிக்கிறது. நிலமும் மறைநூல் கல்வியும் உள்ளவர்க்கே அந்த உரிமை இருந்தது என்பதையும் மறைக்கலாகாது. 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்கீழ் இன்று வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லாருமே கிராம சபை உறுப்பினர்கள். உரிமை விரிந்திருக்கிறது, சொல்லோ கூனிவிட்டது. மன்றில் வழக்கைச் சொல்லி நியாயம் கேட்டவர் குரல், தீர்ப்பளிப்பவர் உயர உயரத் தாழ்ந்து இரப்பாகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ‘கிராம சபை’ வடசொல், அதை ‘ஊர்மன்றம்’ எனலாம், எனக்கு விருப்பமே. சட்டமன்றம், நீதிமன்றம், ரசிகர் மன்றம் வரை மன்றம் மதிப்போடுதான் வாழ்கிறது. பெயர் மாற்றத்தைவிட எனக்கு அவசரமாகப் படுவது வினைச்சொல். பழைய பொருள் மீளும்வரை, சாலைக்கும் தண்ணீருக்கும் கணக்குக் கேட்டவர்களைப் பற்றி எழுதும்போது ‘வாதாடினர்’, ‘கேள்வி கேட்டனர்’ என்றே எழுதுங்கள்.