பரம்பரை, பரிசோதனை, அதற்கு முன் ஒரு பேச்சு

மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் எழுதியிருந்தார். விலங்கியல் வகுப்பில் மெண்டலின் பட்டாணிச் செடியை 3:1 என்று மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் நிறைய பேர் உண்டு. பரீட்சை முடிந்ததும் மறந்துபோன அந்தப் பாடம், பிற்காலத்தில் பல குடும்பங்களில் உயிர் காக்கும் விஷயமாகியிருக்கிறது. மார்பகப் புற்றுநோயில் அது நடந்த வரலாற்றை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன்.

"எங்க குடும்பத்துல இது வருது" என்று பெண்கள் சொல்லிக்கொள்வது பழைய கதை. 1866-இல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர், தம் மனைவியின் குடும்பத்தில் நான்கு தலைமுறைகளாக மார்பகப் புற்றுநோய் வந்ததைப் பதிவு செய்தார். ஆனால் அடுத்த நூறு ஆண்டுகளுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் இதைத் தற்செயல் என்றே ஒதுக்கினார்கள். அமெரிக்காவின் ஒமாஹா நகரில் ஹென்றி லிஞ்ச் என்ற டாக்டர் 1960-களிலிருந்து இத்தகைய குடும்பங்களின் வம்சாவளியைத் திரட்டி, இது பரம்பரைதான் என்று வாதாடினார். கேட்பார் அதிகம் இல்லை.

நிலைமையை மாற்றியவர் மேரி-கிளேர் கிங் அம்மையார். 1974 முதல் பொறுமையாக உழைத்து, 23 குடும்பங்களில் நோய் கண்ட 146 பேரின் விவரங்களை வைத்து, காரணமான மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருப்பதாக 1990-இல் அறிவித்தார். 1994-இல் அந்த மரபணுவே கையில் கிடைத்தது, அதற்கு பி.ஆர்.சி.ஏ.1 என்று பெயர். மறு ஆண்டே பி.ஆர்.சி.ஏ.2 என்ற இரண்டாவதும் அடையாளம் காணப்பட்டது.

1990-க்கும் 1994-க்கும் நடுவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கே பார்பரா வீபர், பார்பரா பீசெக்கர், பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோர் ஒரு பெரிய குடும்பத்தை ஆராய்ந்து வந்தார்கள். மரபணு இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் குரோமோசோமின் அடையாளங்களை வைத்து, யாருக்குப் பழுது வந்திருக்கிறது, யாருக்கு வரவில்லை என்று கணிக்க முடிந்தது. 1992-இல் அக்குடும்பத்துப் பெண் ஒருவர், தமக்கும் நோய் வந்துவிடும் என்ற பயத்தில், ஆரோக்கியமாக இருந்த இரண்டு மார்பகங்களையும் எடுத்துவிட முடிவு செய்திருந்தார். ஆபரேஷனுக்குச் சில நாட்களே இருந்தன. அவருக்கு அந்தப் பழுது வரவில்லை என்பது ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரியும்!

ஆராய்ச்சி முடிவைச் சம்பந்தப்பட்டவரிடம் சொல்வது அப்போது வழக்கமில்லை. ஆனால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? சொன்னார்கள். ஆபரேஷன் நின்றது. செய்தி பரவியதும் உறவினர் ஒவ்வொருவராக வந்து, "எனக்கு எப்படி?" என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவர் பயத்தினால் முன்னரே ஆபரேஷன் செய்துகொண்டவர். அவருக்கும் பழுது இல்லை என்று தெரிந்தது. ஒரு வரித் தகவலை உறையில் போட்டு அனுப்புகிற காரியம் அல்ல இது என்று அந்தக் குழுவுக்குப் புரிந்தது. ஆலோசகர், நர்ஸ், டாக்டர் சேர்ந்து உட்கார்ந்து பேசும் முறையை வகுத்தார்கள். 1993-இல் அதை மருத்துவ இதழிலும் வெளியிட்டார்கள்.

'மரபியல் ஆலோசனை' என்ற சொல் அதற்கு முன்பே இருந்தது. 1947-இல் மின்னசோட்டாவின் ஷெல்டன் ரீட் உருவாக்கிய சொல் அது. 'நல்ல வம்சம், கெட்ட வம்சம்' என்று மனிதர்களைத் தரம் பிரித்த கொடுமையிலிருந்து விலகி, குடும்பங்களுக்கு உதவுவதே அவர் நோக்கம்.

இந்த ஆலோசனையில் என்ன செய்வார்கள்? தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் மூன்று தலைமுறைக்கு யாருக்கு என்ன நோய், எந்த வயதில் என்று கேட்டு வரைபடம் போடுவார்கள். முடிந்தால் நோய் வந்தவரையே முதலில் டெஸ்ட் செய்யச் சொல்வார்கள். டெஸ்டில் பழுது உண்டு, இல்லை என்பதோடு, 'இப்போது சொல்ல முடியாது' என்ற மூன்றாவது பதிலும் வரலாம் என்று முன்கூட்டியே விளக்குவார்கள். பழுது இருந்தால் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ., மாத்திரை, ஆபரேஷன் என்று வழிகள் உண்டு. முடிவு அந்தப் பெண்ணுடையது. ஆலோசகர் தீர்ப்புச் சொல்வதில்லை.

மார்பகப் புற்றுநோயில் 100-க்கு 5 முதல் 10 மட்டுமே இப்படிப் பரம்பரையாக வருபவை. ஆனால் பழுது உள்ளவர்களுக்கு, 80 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு 100-க்கு 70 அளவில் இருப்பதாக 2017-இல் வெளியான பெரிய ஆய்வு சொல்கிறது. சினைப்பைப் புற்றுநோய் அபாயமும் சேர்ந்தே வருகிறது.

இவ்வளவு தெரிந்தும் ஆலோசனைக்கு வராத பெண்கள் ஏராளம். டெஸ்டுக்கு ஒரே கம்பெனி உரிமை கொண்டாடியதால் அமெரிக்காவில் 3,000 டாலருக்கு மேல் செலவாயிற்று. இயற்கையான மரபணுவுக்குக் காப்புரிமை கிடையாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்த பிறகு மற்ற கம்பெனிகளும் டெஸ்ட் செய்யத் தொடங்கின. இன்சூரன்சும் வேலையும் போய்விடுமோ என்ற பயத்துக்கு 2008-இல் சட்டம் வந்தது. மருத்துவ இன்சூரன்சுக்கும் வேலைக்கும் அது காப்பு, ஆயுள் இன்சூரன்சுக்கு இல்லை. குடும்பத்தில் நோய் இருந்தும் கறுப்பினப் பெண்கள் வெள்ளையரைவிட மிகக் குறைவாகவே ஆலோசனை பெற்றதை 2005-இல் வெளியான பென்சில்வேனியா ஆய்வு காட்டியது. டாக்டரே எடுத்துச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று அந்நாட்டின் நோய்த்தடுப்புப் பணிக்குழு அதே 2005-இல் பரிந்துரைத்தது. தூரத்து ஊர்ப் பெண்களுக்காகத் தொலைபேசியில் ஆலோசனை சொல்லிப் பார்த்தார்கள். அது நேரில் சொல்வதற்குக் குறைந்ததல்ல என்று 2014-இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

இதெல்லாம் அமெரிக்காவில் நடந்தவைதான். ஆனால் அந்த வரைபடத்துக்கு வேண்டிய விவரம் நம் வீடுகளிலும் பெரியவர்கள் நினைவில்தான் இருக்கிறது. "அத்தை ஏதோ வயித்து நோயில போனாங்க" என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அது சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம். அத்தை, அப்பாவின் அம்மா என்று தந்தைவழி உறவுகளை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை; பழுதோ தந்தை வழியாகவும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் மகளுக்கு வரக்கூடியது.

ஆகவே நண்பர்களே, ஊருக்குப் போனதும் அம்மாவிடமும் பெரியம்மா, அத்தைமாரிடமும் பேசுங்கள். யாருக்கு, என்ன, எந்த வயதில் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நெருங்கிய உறவில் இளம் வயதில் மார்பகப் புற்றுநோயோ, எந்த வயதிலும் சினைப்பைப் புற்றுநோயோ இருந்தால், அந்த நோட்டோடு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய் மரபியல் ஆலோசனை எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். டெஸ்ட் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பேசிய பிறகு முடிவு செய்துகொள்ளலாம். நம் தோழிகளும், தோழர்களின் மனைவி மக்களும் நலமாயிருந்து அடுத்த சந்திப்புக்கும் வரவேண்டும் என்பதே என் ஆசை.