வைரசின் மேலுறை: ஒரு துளி இரத்தத்திலிருந்து தடுப்பூசி வரை



தடுப்பூசி பற்றிப் பேசும்போதெல்லாம் நம்மவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நோய்க்கிருமியைத்தானே ஊசியில் ஏற்றுகிறார்கள்?" என்பதே அது. ஹெப்பற்றைற்றிஸ் பி ஊசியைப் பொறுத்தவரை அப்படியல்ல. அதில் இருப்பது வைரசின் மேலுறைப் புரதம் மட்டுமே. அதுவும் பெரும்பாலும் ஈஸ்ற்றில் உண்டாக்கப்பட்டது. அந்த உறையின் வரலாறு நாம் இன்று வாழும் அவுஸ்திரேலியாவோடும் சம்பந்தப்பட்டது என்பதால் இம்மாதப் பேச்சுக்கு அதை எடுத்துக்கொண்டேன்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் பாரூக் புளூம்பேர்க் தேடியது ஈரல் நோயின் காரணத்தை அல்ல. ஆளுக்கு ஆள் இரத்தப் புரதங்கள் எப்படி வேறுபடுகின்றன என்பதையே அவர் ஆராய்ந்தார். பலமுறை இரத்தம் ஏற்றப்பட்ட ஒருவரின் உடலில் பிறர் புரதங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் உண்டாகியிருக்கும். அத்தகையோரின் இரத்தத்தைப் பல நாட்டு மக்களின் இரத்த மாதிரிகளோடு சேர்த்துப் பார்த்தார். குருதி உறையாமை நோயுள்ள நியூயோர்க் நோயாளி ஒருவரின் இரத்தம், அவுஸ்திரேலியப் பூர்வகுடி ஒருவரின் மாதிரியோடு தாக்கம் காட்டியது. அதில் இருந்த புதிய பொருளுக்கு 'அவுஸ்திரேலியா அன்ரிஜன்' என்று பெயரிட்டு 1965இல் கட்டுரை வெளியிட்டார். நாம் செங்கண்மாரி என்று சொல்லும் நோயின் ஒரு வகையோடு அதற்குத் தொடர்பு உண்டென்பது 1967 அளவில் தெரியவந்தது. 1976இல் புளூம்பேர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. இரத்தம் தந்தவரையோ இன்றும் நூல்கள் 'பூர்வகுடி ஒருவர்' என்றே குறிப்பிடுகின்றன.

1970இல் லண்டனில் டேவிட் டேன் குழுவினர் முழு வைரசை மின்நுணுக்குக்காட்டியில் கண்டனர். அது 42 நனோமீற்றர் அளவானது. அதோடு 22 நனோமீற்றர் அளவான வெறும் உறைகளும் ஏராளமாக மிதந்தன. இந்த வைரசு தன் தேவைக்கு மிஞ்சி உறைகளை உண்டாக்கி இரத்தத்தில் விடுகிறது. வெறும் உறைக்குள் மரபுப்பொருள் இல்லை. ஆகவே அது பெருகாது, நோயும் தராது. ஆனால் அதைக் கண்ட உடல் வைரசை எதிர்க்கப் பழகிவிடும்.

முதல் தடுப்பூசி அந்த வெறும் உறைகளைக் கொண்டே செய்யப்பட்டது. நோய் காவிகளின் இரத்தத்திலிருந்து அவற்றைப் பிரித்துச் சுத்திகரித்தவர் மேர்க் நிறுவனத்தின் மொறிஸ் ஹில்மன். 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டில்தான் எயிட்ஸ் பற்றிய முதல் செய்திகளும் வந்தன. சுத்திகரிப்பு முறை எல்லா வைரசுகளையும் அழிக்கவல்லது என்றாலும், மனித இரத்தத்திலிருந்து வந்த ஊசியைப் போட்டுக்கொள்ளப் பலர் பயந்தார்கள். உலகத்துக்கே ஊசி செய்ய நோயாளிகளின் இரத்தத்தை எங்கே தேடுவது என்ற கேள்வியும் இருந்தது.

விடை ஈஸ்ற்றில் கிடைத்தது. ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் கென்னத் மறேயும், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் வில்லியம் றட்டர் குழுவினரும் வைரசின் மரபணுக்களைப் பக்ரீரியாவுக்குள் புகுத்தி ஆராய்ந்தார்கள். பக்ரீரியாவில் உறை சரியாக உருவாகவில்லை. 1982இல் றட்டர், பப்லோ வலன்சுவேலா, சியாற்றில் நகரின் பென்ஜமின் ஹோல் ஆகியோர் உறைக்குரிய மரபணுவை மட்டும், பாண் பொங்க வைக்கும் அதே ஈஸ்ற்றுக்குள் வைத்தார்கள். அங்கே புரதங்கள் தாமாகவே ஒன்றுகூடி 22 நனோமீற்றர் உருண்டைகளாயின. 1986இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த ஊசியே மனிதருக்கான முதலாவது மரபணுத் தொழில்நுட்பத் தடுப்பூசி.

இந்தப் புரதம் சிறு குப்பிகளில் ஆய்வுகூடங்களுக்கும் போகிறது. நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்த காலத்தில் அதைக் கையாண்டிருக்கிறேன். பிளாஸ்ரிக் தட்டின் குழிகளில் அதைப் பூசி, மேலே ஒருவரின் இரத்தநீரை விட்டால், அவருக்கு எதிர்ப்புச் சக்தி உண்டா என்று தெரிந்துவிடும். முன்பு இதே வேலைக்குத் தொற்றுள்ள இரத்தத்தைத் தொட வேண்டியிருந்தது.

நம் கீழ்க்காய்நெல்லிக்கும் இக்கதையில் இடமுண்டு. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர், புளூம்பேர்க்கும் சேர்ந்து, அதைக் காவிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் மேலுறைப் புரதம் மறைந்ததாக அறிவித்தனர். பிறகு வேறிடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே அதை நம்பி வைத்தியத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

தாய்வானில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி போடத் தொடங்கிய பின், 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் ஈரல் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அவுஸ்திரேலியாவில் 2000ஆம் ஆண்டிலிருந்தும் இலங்கையில் 2003இலிருந்தும் குழந்தைகளுக்கு இந்த ஊசி போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்து, போரில் இடம்பெயர்ந்து, பல நாடுகள் கடந்து வந்த நம்மில் பலருக்கு இது கிடைத்திருக்காது. பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இல்லாமல் இந்த வைரசு ஈரலில் தங்கியிருக்கக்கூடும்.

சோதனைக்குப் போக நம்மவர்கள் தயங்குவது ஏன் என்றும் எனக்குத் தெரியும். கலியாணப் பேச்சு குழம்பிவிடும், சனம் ஒதுக்கிவிடும் என்ற பயம். ஒன்றாக இருந்து சாப்பிடுவதாலோ கட்டி அணைப்பதாலோ இது தொற்றாது. இரத்தம், உடலுறவு, பிரசவம் ஆகியவற்றின் வழியாகவே பெரும்பாலும் தொற்றும். வைரசைக் கட்டுப்படுத்த நல்ல மருந்துகள் உண்டு. வீட்டிலுள்ள மற்றவர்கள் ஊசி போட்டுக்கொள்ளலாம். பிறக்கும் குழந்தையையும் காக்கலாம்.

அடுத்த முறை குடும்ப வைத்தியரிடம் போகும்போது மூன்று விடயங்களைக் கேளுங்கள்: மேலுறைப் புரதம் என் இரத்தத்தில் உண்டா, அதற்கு எதிரான பிறபொருளெதிரி உண்டா, முன்பு எப்போதாவது தொற்று வந்து போனதா? ஒரே இரத்தச் சோதனையில் மூன்றுக்கும் விடை கிடைக்கும். பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.