மண்ணுக்குள் இருப்பது யாருடையது? சித்தூர், திருப்பதி நிலத்தில் புதையல் உரிமையின் வரலாறு

2022 ஏப்ரலில் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துத் திருப்பதி மாவட்டம் உருவாக்கப்பட்டபோது, திருமலை அடிவாரமும் சந்திரகிரிக் கோட்டையும் பழவேற்காடு ஏரியை ஒட்டிய வங்கக் கடற்கரையும் ஒரே ஆட்சியரின் எல்லைக்குள் வந்தன. அந்தக் கடற்கரைக்கு விடுமுறையில் வருபவர் மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோகங்காட்டும் கருவியோடு மணலில் இறங்குவாரானால், கிடைப்பது யாருக்கு உரியது என்ற கேள்வியை எதிர்கொண்டே ஆக வேண்டும். அக்கேள்வியோ கருவியைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் புதையலைக் கண்டெடுத்தவருக்கு ஆறில் ஒரு பங்கும், அவர் கூலியாளாக இருந்தால் பன்னிரண்டில் ஒரு பங்கும் வகுத்து, இலட்சம் பணத்துக்கு மேற்பட்டதை அரசனுக்கே உரியதாக்கியது. சந்திரகிரியைத் தலைநகராகவும் கொண்டிருந்த விசயநகர அரசர்களின் நிலக்கொடை ஆவணங்களில் அஷ்டபோகம் என்னும் எட்டு உரிமைகள் குறிக்கப்படுகின்றன. நிதி என்ற புதையலும், நிக்ஷேபம் என்ற வைப்புப் பொருளும், நீர், கல் முதலியவற்றுடன் அவ்வெட்டில் அடங்கும். ஆகவே அக்கொடையைப் பெற்றவருக்கு மேல்மண்ணின் விளைச்சலோடு அடிமண்ணில் மறைந்திருப்பதும் சேர்ந்தே கிடைத்தது.

இந்த மரபுகள் யாவும் பங்கைப் பற்றியே பேசின. பொருள் எங்கே, எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதைக் கேட்கவில்லை. அதனால் நேர்ந்த இழப்பை அண்டை நெல்லூரில் நிகழ்ந்த ஒரு கண்டெடுப்பு காட்டுகிறது. சென்னையின் முன்னாள் ஆளுநர் அலெக்சாண்டர் டேவிட்சன் 1787-இல் எழுதிய கடிதத்தின்படி, நெல்லூருக்கு அருகே உழுதுகொண்டிருந்த ஓர் உழவரின் ஏர் செங்கற் கட்டில் தட்டியது. அவர் தோண்டியபோது சிறு கோயில் ஒன்றின் எச்சமும், அதனடியில் டிராஜன், ஹேட்ரியன் முதலிய உரோமப் பேரரசர்களின் நாணயங்கள் அடங்கிய கலயமும் வெளிப்பட்டன. அவர் அவற்றைப் பழம்பொன்னாக விற்றுவிட்டார். முப்பதுக்குச் சற்று மேற்பட்டவை மட்டும் நவாபின் குடும்பத்தார் கைக்கு வந்து பிழைத்தன. மற்றவற்றில் பல உருக்கப்பட்டிருக்க வேண்டும் என்றே டேவிட்சன் கருதினார். உழவரைக் குறை கூற இடமில்லை. தகவல் தர வேண்டும் என்று அவருக்குச் சொல்லும் சட்டம் அன்று இல்லை.

அத்தகைய கடமையை 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் விதித்தது. மண்ணிலோ, மண்ணோடு பிணைந்த ஒன்றிலோ மறைந்திருக்கும் மதிப்புள்ள எதுவும் புதையல் என்று அது வரையறுத்தது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ளதைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவித்து, பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்கவோ, அதற்குப் பிணையம் கொடுக்கவோ வேண்டும். திருப்பதியும் சந்திரகிரியும் அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தமையாலும், அம்மாவட்டத்தின் தலைமையிடம் சித்தூரே ஆதலாலும், அப்பகுதி உழவரின் அறிவிப்பு சித்தூர் கச்சேரிக்கே செல்ல வேண்டியிருந்தது. சித்தூர் தனி மாவட்டமானது 1911-இல்தான். உரிமையாளர் எவரும் இல்லையென்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்துக்குரியவருக்கு எஞ்சியதும் சேரும்; அரசே பொருளை எடுத்துக்கொண்டால், உலோக மதிப்புடன் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தரும். மறைத்தவர் பங்கை இழப்பதோடு ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கும் ஆளாவார்.

நேற்று மணலில் தவறிய மோதிரம் புதையல் ஆகாது. உரியவரைத் தெரிந்திருந்தும், அறிந்துகொள்ள வழி இருந்தும், கண்டெடுத்ததைத் தனதாக்கிக்கொள்வதை 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் குற்றமாக்கியது. 2024 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவ்விதி தொடர்கிறது.

விடுதலைக்குப் பின் சட்டத்தின் கவனம் பொருளிலிருந்து இடத்துக்கு நகர்ந்தது. 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம், பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் அனுமதியின்றித் தோண்டுவதைத் தடை செய்தது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், நூறாண்டு கடந்த நாணயங்களையும் சிற்பங்களையும் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதைத் தடுத்தது. இடத்தின் அருமையை ஏர்ப்பேட்டுக்கு அருகிலுள்ள குடிமல்லம் விளக்குகிறது. அங்குள்ள பரசுராமேசுவரர் கோயிலில் இந்தியத் தொல்லியல் துறை 1973-இல் நடத்திய அகழாய்வு, இன்றைய கற்கோயிலுக்கு அடியில் பழைய செங்கற் கட்டுமானத்தை வெளிப்படுத்தி, மிகத் தொன்மையான அந்த லிங்கத்தின் வரலாற்றைக் காலவரிசையில் நிறுத்த உதவியது. இராயலசீமையில் தெலுங்கில் 'குப்த நிதுலு' எனப்படும் மறைபுதையலைத் தேடுவோர் பாழடைந்த கோயில்களின் பீடங்களையும் நந்திகளையும் பெயர்க்கும்போது அழிவது இப்படிப்பட்ட சான்றுதான்; பொன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது மீளாது.

திருமலை தந்த பெருஞ்செல்வம் ஒன்று பொன்னாகவும் இல்லை. கோயிலுக்குள் மூடிய சிற்றறையிலிருந்து 1922-இல் வெளிக்கொணரப்பட்ட செப்பேடுகள், 15-ஆம் நூற்றாண்டின் அன்னமாச்சாரியாரின் ஆயிரக்கணக்கான கீர்த்தனைகளைத் தெலுங்குலகுக்கு மீட்டுத் தந்தன. பழஞ்செம்பாக எடைக்குப் போட்டிருந்தால் அப்பாடல்கள் உலையோடு போயிருக்கும்.

1878-ஆம் ஆண்டின் சட்டம் அறிவிப்பில் கேட்பவை பொருளின் தன்மையும் மதிப்பும், கிடைத்த இடம், கிடைத்த நாள் ஆகியவையே. மதிப்பை எந்தப் பொற்கொல்லரும் நிறுத்துச் சொல்லிவிடுவார்; இடத்தையும் நாளையும் கண்டெடுத்தவர் ஒருவரே சொல்ல முடியும். கருவியோடு கடற்கரைக்குச் செல்பவர், அந்த இடம் காப்பிடமா, யார் அனுமதி வேண்டும் என்று முன்கூட்டியே விசாரிப்பது தண்டனைக்கு அஞ்சி மட்டும் செய்ய வேண்டியதன்று; நெல்லூர்க் கலயத்தோடு போனதைப் போன்ற செய்தி இனியும் போகாதிருக்க அதுவே முதற்காப்பு.