வடிகாலும் கணக்கேடும்: கிள்ளானில் மலேரியாத் தடுப்பும் அதன் செலவும் (1901–1914)

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதியோர் தோட்டத்துக் காய்ச்சலைத் துயரத்தின் சான்றாகவே பெரும்பாலும் காட்டியுள்ளனர். காட்டை அழித்தவர்கள் காய்ச்சலில் மடிந்தனர் என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அக்காய்ச்சலைத் தடுக்க எவ்வளவு செலவாயிற்று, அச்செலவை ஏற்றவர் யார், தடுக்காமல் விட்டதன் செலவு யார் தலையில் விழுந்தது என்னும் வினாக்களை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். இவ்வினாக்களுக்குக் கிள்ளான் வட்டாரத்தின் எண்களே ஓரளவு விடை தருகின்றன. அவ்வெண்களை மீண்டும் படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிள்ளானும் புதிய துறைமுகமும்

கொசு வழியாக மலேரியா பரவுவதற்கான அடிப்படைச் சான்றை ரொனால்ட் ராஸ் 1897ஆம் ஆண்டு செகந்திராபாத்தில் கண்டறிந்தார். நான்கே ஆண்டுகளில் அவ்வறிவு கிள்ளானில் சோதனைக்கு வந்தது. 1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், சதுப்பும் புதர்க்காடும் சூழ்ந்த ஒரு சிற்றூரையே கண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது 1972 முதல் போர்ட் கிள்ளான் என வழங்கும் துறைமுகம், கப்பல்களுக்குத் திறக்கப்பட்டது. சில வாரங்களுக்குள் அங்கே காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியது. பெரும் பொருட்செலவில் அமைத்த துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சுக்கூட எழுந்தது.

வாட்சன் பரிந்துரைத்த வழி எளியது. காட்டை வெட்டுதல், பள்ளங்களைத் தூர்த்தல், வடிகால் வெட்டித் தேங்கிய நீரை வெளியேற்றுதல் ஆகியவையே அவ்வழி. பயனை அவர் பதிந்த எண்கள் காட்டுகின்றன. கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் சேர்த்துக் காய்ச்சலால் இறந்தோர் 1900இல் 259 பேர். 1901இல் 368 பேர். வேலை தொடங்கிய பின் 1902இல் 59, 1903இல் 46, 1904இல் 48, 1905இல் 45 என அத்தொகை வீழ்ந்தது.

ஓர் உயிரின் விலை

1905ஆம் ஆண்டின் இறுதிவரை இப்பணிக்குக் கிள்ளானில் ஏறத்தாழ 3,100 பவுனும் துறைமுகத்தில் ஏறத்தாழ 7,000 பவுனும் செலவாயின. கொள்ளைநோய் ஆண்டாகிய 1901ஐ விடுத்து, 1900ஆம் ஆண்டின் இறப்பையே அடிப்படையாகக் கொள்வோம். வடிகால் இல்லாதிருந்தால் 1902 முதல் நான்கு ஆண்டுகளில் 1,036 பேர் காய்ச்சலால் இறந்திருக்கக்கூடும். உண்மையில் இறந்தோர் 198 பேர். எனவே தடுக்கப்பட்ட இறப்புகள் 838. ஓர் இறப்பைத் தடுக்க ஆன செலவு ஏறத்தாழ 12 பவுன். 1906இல் ஒரு வெள்ளிக்கு இரண்டு சில்லிங் நான்கு பென்சு என நிலைநிறுத்தப்பட்ட மதிப்பின்படி இது ஏறத்தாழ 103 வெள்ளியாகும். அக்காலத்தில் தமிழ்த் தொழிலாளியின் நாட்கூலி 30 காசை ஒட்டியிருந்தது. ஆகவே ஓர் உயிரைக் காக்க ஆன செலவு, ஒரு தொழிலாளி ஏறத்தாழ ஓராண்டு உழைத்துப் பெற்ற கூலிக்கு நிகராகும்.

இது தோராயமான கணக்கே. ஆண்டுதோறும் ஆகும் பராமரிப்பு இதில் சேரவில்லை. வடிகால் 1905க்குப் பின்னரும் பயன் தந்தது என்பதும் சேரவில்லை. எனினும் தடுப்பு மலிவானது என்னும் முடிவை இக்குறைகள் மாற்றிவிடா.

யாருடைய நாள் எண்ணப்பட்டது?

வாட்சனின் மற்றோர் அட்டவணை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. கிள்ளானிலும் துறைமுகத்திலும் பணியாற்றிய அரசு ஊழியர்களுக்கு மலேரியாவின் பொருட்டு 1901இல் 236 நோய்விடுப்புச் சான்றுகள் வழங்கப்பட்டன. இழந்த வேலைநாள்கள் 1,026. 1905இல் சான்றுகள் நான்கு, நாள்கள் 30 மட்டுமே. நோயின் பொருளாதாரச் சுமையை வேலைநாள்களால் அளக்கும் முறைக்கு இந்நாட்டில் கிடைக்கும் தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

ஆனால் இந்நாள்கள் ஏன் எண்ணப்பட்டன? அவை அரசாங்கம் சம்பளம் கொடுத்த நாள்கள் என்பதே காரணம். அரசு அலுவலகங்களிலும் இரயில்வேயிலும் வேலை பார்த்த யாழ்ப்பாணத் தமிழ் எழுத்தர்கள் போன்றோர் நோயுற்றால் இழப்பு அரசுடையது. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே குடியிருப்புகள் சார்ந்து உருவான நடுத்தரத் தமிழ்ச் சமூகம் இவ்வகை ஊழியர்களைக் கொண்டே வளர்ந்தது. தோட்டத் தொழிலாளியின் நிலை வேறு. காலையில் பெரட்டுக்கு வராதவனுக்கு அன்றைய கூலி இல்லை. அவன் இழந்த நாளின் செலவை அவனே ஏற்றான். ஆகவே அது எந்த ஏட்டிலும் செலவாகப் பதியப்படவில்லை.

இவ்வேறுபாடு இறப்புக் கணக்கிலும் தெரிகிறது. நகரையும் துறைமுகத்தையும் நீக்கிய கிள்ளான் மாவட்டப் பகுதிகளில் காய்ச்சலால் இறந்தோர் 1901இல் 266 பேர். 1905இல் 351 பேர். புதிய ரப்பர்த் தோட்டங்களால் மக்கள்தொகை பெருகியதும் இவ்வுயர்வுக்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் வழி தெரிந்த பின்னரும், வடிகால் எட்டாத இடங்களில் மக்கள் தொடர்ந்து மடிந்தனர் என்பதை இவ்வெண்கள் உறுதிப்படுத்துகின்றன. ஒரே மாவட்டம், ஒரே மருத்துவர், ஒரே அறிவு. வேறுபட்டது செலவிட முன்வந்தோரின் நலன் மட்டுமே.

தோட்டங்களின் கணக்கு

தோட்டங்களில் இரண்டு தடைகள் இருந்தன. முதலாவது அறிவியல் சார்ந்தது. கடலோரச் சமவெளியில் நோயைப் பரப்பிய அனோபிலஸ் அம்புரோசஸ் நிழலான காட்டு நீரில் வளர்வது; காடு அழிந்தால் அதுவும் அழிந்தது. மலையடித் தோட்டங்களில் நோயைப் பரப்பிய அனோபிலஸ் மாகுலேட்டஸோ வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்வது. அங்குக் காட்டை வெட்டியது கொசுவுக்கே இடம் செய்து கொடுத்தது. சில மலையடித் தோட்டங்களில் ஓராண்டில் பத்தில் ஒருவருக்கு மேல் இறந்தனர். பின்னர் அரசுப் பணியை விட்டுத் தோட்டங்களின் மருத்துவரான வாட்சன், நிலத்தடிக் குழாய் வடிகாலையும் 1914ஆம் ஆண்டளவில் ஓடைகளில் எண்ணெய் தெளிக்கும் முறையையும் கையாண்டார். எண்ணெய் முறை சோதிக்கப்பட்ட சீஃபீல்டு தோட்டத்தின் நிலத்தில்தான் பிற்காலத்தில் சுபாங் ஜெயா நகரம் எழுந்தது.

இரண்டாவது தடை பொருளாதாரம் சார்ந்தது. 1907இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதிக்கு எல்லா முதலாளிகளும் தொழிலாளர் வேலை செய்த நாள்களின் அளவில் பணம் செலுத்தினர். அந்நிதியிலிருந்து புதிய தொழிலாளரின் பயணச் செலவு கொடுக்கப்பட்டது. இதன் விளைவை நாம் இவ்வாறு விளங்கிக்கொள்கிறோம்: வடிகால் வெட்டும் செலவு அந்தந்தத் தோட்டத்துக்கு உரியது, இறந்தவனுக்கு மாற்றாக இன்னொருவனைக் கொண்டுவரும் செலவிலோ பெரும்பங்கு எல்லாத் தோட்டங்களுக்கும் பொதுவானது. இத்தகைய ஏற்பாட்டில் தடுப்புக்கான தூண்டுதல் குறைவது இயல்பே. வேலைக்கு வந்தோரின் எண்ணிக்கையைப் பொறுத்துக் கங்காணி பெற்ற தலைக்காசும், நோயாளியை லயத்தில் இருக்கவிடாமல் வேலைக்கு விரட்டவே தூண்டியிருக்கும்.

தொழிலாளரின் நடத்தையைக் குறைகூறுவதும் அக்கால வழக்கம். பெரட்டில் கொடுக்கும் கொயினாவை அவர்கள் விழுங்குவதில்லை என்பது குற்றச்சாட்டு. கசப்பும் காதிரைச்சலும் தரும் மருந்தைத் தொடர்ந்து குடித்துவிட்டு, அன்றே முழுவேலையும் செய்ய வேண்டியவனின் தயக்கத்தை அறியாமை என்று மட்டும் ஒதுக்குவது பொருந்தாது. கொயினா ஒவ்வொருவரின் ஒத்துழைப்பையும் நாள்தோறும் வேண்டுகிறது. வடிகாலோ யாருடைய மனமாற்றத்துக்கும் காத்திராமல் எல்லாரையும் காக்கிறது. அதற்கு வேண்டியது பணம் கொடுப்பவரின் மனமாற்றம் மட்டுமே.

முடிவுரை

மனித மலேரியா உள்நாட்டில் தொற்றிய நிகழ்வு 2018 முதல் மலேசியாவில் இல்லை. குரங்கிலிருந்து பரவும் நோல்சி வகை மட்டும் தொடர்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று டெங்கியே கொசுவின் அச்சுறுத்தலாக உள்ளது. ஆயினும் பழைய வினா மறையவில்லை. தோட்டங்களிலும் கட்டுமான இடங்களிலும் நம் முன்னோரின் இடத்தில் இப்போது வேறு நாட்டவர் நிற்கின்றனர். அரசு மருத்துவமனையில் அவர்கள் செலுத்தும் கட்டணம் குடிமக்களுக்குரியதைவிடப் பன்மடங்கு உயர்ந்தது. அக்கட்டணத்துக்கு அஞ்சி ஒருவர் நோயோடு குடியிருப்பிலேயே கிடந்தால், மிச்சமான பணம் ஏட்டில் தெரியும். அவர் இழந்த நாள்கள் தெரியமாட்டா.

நலவாழ்வுக்கான செலவு மிகுதி என்று சொல்லப்படும்போதெல்லாம், யாருடைய செலவு எண்ணப்பட்டது என்று கேட்கும் கடமை வரலாற்று மாணவர்க்கு உண்டு. கிள்ளான் ஏட்டில் 1,026 நாள்கள் பதிவாகியுள்ளன. பதிவாகாத நாள்கள் நம் பாட்டன்மாருடையவை.