ஆதிப்புள்ளிக்குப் போகாத கோடு

மும்பை தேவ்நாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தைத் தாண்டி, பூரவ் மார்க்கிலேயே மான்குர்த் பக்கம் போனால் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் வரும். செம்பூர்ப் பக்கம் ஜூனியர் காலேஜில் இயற்பியல் பாடம் நடத்திய எனக்கு, இந்த வட்டாரத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான். 1974இல் தொடங்கியது, நானா சவுக் அருகே ஒரு மாநகராட்சிப் பள்ளிக் கட்டடத்தில் இருந்துவிட்டு, தொண்ணூறுகளில் இங்கே குடிவந்தது. 1998 முதல் சர்வதேச இயற்பியல் ஒலிம்பியாடுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இங்கேதான் பயிற்சி. 2015இல் அந்தப் போட்டியே மும்பையில் நடந்தது. அதில் செய்முறைக்கென்று தனியாக ஐந்து மணி நேரத் தேர்வு உண்டு. விடை எந்த ஜர்னலிலும், அதாவது மாணவர்களின் செய்முறைக் குறிப்பேட்டிலும், இருக்காது.

எங்கள் வகுப்புகளிலோ போன வருடத்து ஜர்னல்தான் கைமாறி வரும். சுருள்வில்லில் எடைக்குண்டைத் தொங்கவிட்டு ஆட்டி, அலைவு நேரத்தின் வர்க்கத்தை நிறைக்கு எதிரே குறித்தால் நேர்கோடு கிடைக்கும். வாய்பாடு அப்படித்தானே சொல்கிறது என்று அதை ஆதிப்புள்ளி வழியாக இழுத்துவிடுவார்கள். பார்க்கவே மனசு வலிக்கும்.

அந்த வாய்பாட்டுக்கு அடிப்படை, இழுக்கும் விசைக்குத் தக்கபடி வில் நீளும் என்ற விதி. லண்டனில் ராபர்ட் ஹூக் அதை 1676இல் பதினான்கு எழுத்துகளைக் கலைத்துப்போட்டுப் புதிராக அச்சிட்டார். அதற்கு முந்தைய வருடம்தான் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் சுருள்வில் கடிகாரத்தை அறிவித்திருந்தார். அந்த யோசனை தன்னுடையது என்பது ஹூக்கின் வழக்கு. 1678இல் புதிரை அவிழ்த்தவர், பெரிதாக ஆடினாலும் சிறிதாக ஆடினாலும் நேரம் ஒன்றே என்றும் நிறுவ முயன்றார்.

ஆனால் வாய்பாடு கணக்கில் எடுக்காத வில்லுக்கும் எடை உண்டே! மேல்சுற்று அசையாது, அடிச்சுற்று குண்டின் வேகத்திலேயே ஓடும், நடுவில் உள்ளவை அதனதன் இடத்துக்கேற்ற வேகத்தில் போகும். இயக்க ஆற்றலைக் கூட்டிப் பார்த்தால், வில்லின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு குண்டோடு சேர்கிறது. ரேலி பிரபுவின் பெயரால் வழங்கும் முறை இது. 60 கிராம் வில், மாறிலி மீட்டருக்கு 10 நியூட்டன், குண்டு 100 கிராம் என்றால், இருபது அலைவுக்கு 12.6 வினாடி என்பது ஜர்னல் கணக்கு. ஸ்டாப் வாட்ச் 13.8 காட்டும். அந்த ஒரு வினாடிக்கு மேற்பட்ட வித்தியாசத்தைத்தான் பிள்ளைகள் பிழை என்று அடித்துவிடுகிறார்கள்.

அதனால் நிறை அச்சை இடப்பக்கமும் நீட்டி வரையச் சொல்வேன். கோடு அங்கே வெட்டும் எண்ணைக் குறியை விட்டுவிட்டு மூன்றால் பெருக்கு, பிறகு வில்லைக் கழற்றித் தராசில் வை என்பேன்.