கம்பு இடிக்கும் ஊரில் இரண்டு ஆண்டுகள்

ஆப்பிரிக்காவின் வரைபடத்தில் மேற்குப் பக்கம் வயிறு போலப் புடைத்துக்கொண்டு நிற்கும் பகுதிதான் மேற்கு ஆப்பிரிக்கா. நம் ஊரில் பெரும்பாலோருக்கு அதைப் பற்றி அதிகம் தெரியாது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் போன்றவர்களுக்குக் கொஞ்சம் தெரியும். டாக்கார், பமாக்கோ, நியாமே என்று பூகோள வகுப்பில் ஒப்பித்திருக்கிறோம். 1960ஆம் ஆண்டில் மட்டும் பிரான்சின் ஆட்சியிலிருந்து 14 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றன. அதனால் எங்கள் பழைய அட்லாஸ் ஒரே வருடத்தில் பயனற்றுப் போனது. பாடம் நடத்தியவர்களே பேனாவால் கோடு போட்டுப் பெயர் மாற்றச் சொன்னார்கள்.

அப்படிப் பெயர் எழுதிய நாடுகளில் ஒன்று மேல் வோல்ட்டா. 1984 ஆகஸ்டில் தோமா சங்காரா அதற்கு புர்கினா ஃபாசோ என்று பெயர் வைத்தார். எங்களுக்குச் சிறிது காலம் பாடம் எடுத்த இளம் பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர், இங்கே வருவதற்கு முன் அந்த நாட்டில் ஒரு மோசி இனத்தவர் கிராமத்தில் தன்னார்வலராக இரண்டு ஆண்டுகள் இருந்தவர். கணக்கு அலுத்துப் போகும் மத்தியானங்களில் அவரைக் கிளப்பிவிட்டால் போதும், மணி அடிக்கும் வரை அந்த ஊரைப் பற்றியே பேசுவார். அவர் சொன்னதில் நினைவில் நின்றதையும், பிறகு நான் புத்தகங்களில் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தத் தன்னார்வலர்கள் யார் என்று பார்த்துவிடலாம். பிரிட்டன் 1958இல் படிப்பு முடித்த இளைஞர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. அமெரிக்காவில் அதிபர் கென்னடி 1961 மார்ச் 1ஆம் தேதி அமைதிப் படையை உருவாக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் தேதி அதன் முதல் குழுவினர் 51 பேர் கானாவின் தலைநகர் அக்ராவில் இறங்கினார்கள். அத்தனை பேரும் ஆசிரியர்கள். விமானத்தை விட்டு இறங்கியதும் உள்ளூர் மொழியான ட்வியில் ஒரு பாட்டுப் பாடினார்களாம். 1963இல் பிரான்சும் இதே போன்ற ஓர் அமைப்பைத் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே ஏற்பாடுதான்: இரண்டு ஆண்டு வேலை, உள்ளூரில் வாழ்வதற்குப் போதுமான படிப்பணம், கொஞ்சம் மொழிப் பயிற்சி.

நல்ல எண்ணத்தோடு போனால் மட்டும் போதாது என்பது தொடங்கிய சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. 1961 அக்டோபரில் நைஜீரியாவின் இபாடான் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயிற்சியில் இருந்த அமெரிக்கப் பெண் ஒருவர், ஊரிலுள்ள நண்பருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். இங்கே எல்லோரும் தெருவிலேயே வாழ்கிறார்கள், சமைக்கிறார்கள், விற்கிறார்கள் என்கிற பாணியில் வியப்பும் இளப்பமும் கலந்த சில வரிகள். அது தபாலில் சேரும் முன் தவறி விழுந்து ஒரு மாணவர் கையில் கிடைத்தது. பிரதி எடுத்து விநியோகித்தார்கள். பெரிய போராட்டமே நடந்தது. அந்தப் பெண் நாடு திரும்பினார். விடுதலை பெற்று ஓராண்டு ஆன நாட்டு மாணவர்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? நம் தெருவைப் பற்றி ஒருவர் அப்படி எழுதியிருந்தால் நாமும் சும்மா இருந்திருக்க மாட்டோம். அடுத்தவர் ஊரைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்த அஞ்சலட்டை ஞாபகம் வரும்.

இனி அந்தக் கிராமத்து நாள் எப்படிப் போகும் என்று பார்ப்போம்.

பொழுது விடியும் முன்பே உலக்கைச் சத்தம் கேட்கும். இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று ஒரே உரலில் மாற்றி மாற்றி இடிப்பார்கள். "எனக்கு அங்கே கடிகாரம் தேவைப்படவில்லை" என்பார் முசியே. இடிப்பது கம்பு அல்லது சோளம். பிறகு பெண்கள் குடத்தோடு தண்ணீருக்குப் போவார்கள். கோடையில் கிணறு ஆழத்துக்குப் போய்விடும், கயிறும் நீளும், காத்திருப்பும் நீளும். குடத்தைத் தலையில் தூக்கிவைத்து நடக்க முசியே ஒரு முறை முயன்றாராம். பாதித் தண்ணீர் சட்டையிலும் பாதி வழியிலும் போயிற்று. ஊர்ச் சிறுவர்கள் "நஸ்ஸாரா, நஸ்ஸாரா" என்று பின்னால் ஓடிவந்து சிரித்தார்கள். வெள்ளைக்காரர்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அதற்கடுத்து நலம் விசாரிப்பு. இதை வெளிநாட்டார் சாதாரணமாக எடுத்துக்கொண்டால் ஒரு வேலையும் நடக்காது. வழியில் யாரைப் பார்த்தாலும் நிற்க வேண்டும். நன்றாகத் தூங்கினாயா, வீட்டில் எப்படி, பிள்ளைகள் எப்படி, வேலை எப்படி என்று வரிசையாகக் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் "லாஃபி" என்று பதில் சொல்ல வேண்டும். நலம், அமைதி என்று பொருள். வீட்டில் யாருக்கோ காய்ச்சலாக இருந்தாலும் முதலில் லாஃபிதான், பிறகுதான் காய்ச்சல். பாரிசில் பஸ் பிடிக்க ஓடிப் பழகியவருக்கு இதைக் கற்கவே ஆறு மாதம் ஆயிற்றாம். எங்களுக்கு அதில் வியப்பு எதுவும் இருக்கவில்லை. கிராமத்துத் தாத்தா வீட்டுக்குப் போனால் எங்களுக்கும் இதே விசாரணைதான்.

சாப்பாடு பெரும்பாலும் 'தோ'. கம்பு மாவையோ சோள மாவையோ கொதிநீரில் கிண்டி எடுப்பது. நம் களியேதான். தொட்டுக்கொள்ள வெண்டைக்காய்க் குழம்பு, அல்லது பொந்தன்புளி மரத்து இலையைக் காயவைத்துப் பொடித்துச் செய்த குழம்பு, அல்லது புளிச்சக்கீரை. ஆண்கள் ஒரு பாத்திரத்தைச் சுற்றி அமர்ந்து வலது கையால் எடுத்துச் சாப்பிடுவார்கள், பெண்களும் குழந்தைகளும் தனியாக. விருந்தாளிக்கு ஊர்த்தலைவர் உயிருள்ள கோழி ஒன்றைக் கொடுப்பது மரியாதை. அந்தக் கோழி, கொடுப்பவர் வீட்டுக்கு எவ்வளவு பெரிய செலவு என்று தெரிந்தாலும் மறுக்கக் கூடாது.

கம்பு என்றதும் ஒரு செய்தி. நம் கரிசல் காட்டுக் கம்பு பிறந்த இடமே அந்தப் பக்கம்தான். இன்றைய மாலி நாட்டின் வடபகுதியில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் அதைப் பயிராக்கினார்கள் என்று அகழாய்வுகள் காட்டுகின்றன. சில நூற்றாண்டுகளுக்குள் அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. நாம் பதிலுக்கு அனுப்பியது வேம்பு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்து போன மரம் இன்று சகாராவின் தென்விளிம்பு நாடுகள் முழுவதும் நிற்கிறது. நைஜர் நாட்டின் மஜ்ஜியா பள்ளத்தாக்கில் 1975 முதல் மணல் காற்றைத் தடுக்க வரிசை வரிசையாக வேம்புதான் நட்டார்கள். பல ஊர்களில் கூட்டம் நடப்பது வேம்படியில். காய்ச்சலுக்கு அதன் இலைக் கஷாயத்தையே குடிக்கிறார்கள்.

புதுச்சேரிக்கு இன்னும் நேரடியான உறவும் உண்டு. இங்கே நெய்து அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணிக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரே 'கினே'. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அது கப்பலேறி பிரான்ஸ் வழியாக செனெகலின் சேன் லூயி துறைமுகத்துக்குப் போனது. செனெகல் ஆற்றங்கரையில் மூர் வணிகர்கள் அதை வாங்கிக்கொண்டு வேலம்பிசின் கொடுத்தார்கள். நாளடைவில் அந்தப் பகுதியில் துணியே பணமானது. ஒரு பொருளின் விலை இத்தனை கினே என்று பேசினார்கள். அந்த வணிகம் அதோடு நிற்கவில்லை. அடிமை வியாபாரத்திலும் இந்தியத் துணி கைமாறியிருக்கிறது. நம் நெசவாளிக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

தன்னார்வலர் வாழ்க்கைக்குத் திரும்புவோம். அவர்களை அதிகம் அச்சுறுத்தியது நோய். முசியே அங்கிருந்த நாளெல்லாம் மலேரியாவுக்கு நிவாகின் மாத்திரை விழுங்கியவர். அந்தக் கசப்பு நாக்கில் இன்னும் இருக்கிறது என்பார். ஊராருக்கோ மாத்திரையும் கிடையாது. இன்னொரு கொடுமை நரம்புச் சிலந்தி. நம் பாட்டிமாருக்கும் தெரிந்த நோய்தான். குளத்து நீரோடு உள்ளே போய், ஓராண்டு கழித்து, மூன்றடி நீளப் புழுவாகக் காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் மெல்ல இழுக்க வேண்டும், அறுந்தால் சீழ் வைத்துவிடும். சரியாக உழவு, அறுவடை நேரத்தில் வந்து ஆளைப் படுக்க வைத்துவிடும் என்பதுதான் இதில் பெரிய துயரம். 1986இல் உலகில் சுமார் 35 லட்சம் பேருக்கு இந்நோய் இருந்ததாக மதிப்பிட்டார்கள்.

இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. ஒரே வழி, தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பதும், புண்ணோடு குளத்தில் இறங்காமல் இருப்பதும். வீடு வீடாகப் போய் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல ஆள் வேண்டும். உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்களோடு தன்னார்வலர்களும் இந்த வேலையைச் செய்தார்கள். இந்தியா 2000ஆம் ஆண்டில் இந்நோய் ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் லட்சத்துக்கு மேல் நோயாளிகள் இருந்த கானாவில் கடைசி நோயாளி 2010இல். அந்தச் சான்றிதழ் 2015இல் அவர்களுக்கும் கிடைத்தது.

ஆனால் இரண்டு ஆண்டில் ஒருவரால் என்னதான் செய்துவிட முடியும் என்ற கேள்வி இருக்கிறது. கிணற்றில் பம்பு வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு வாஷர் தேய்ந்தால் வாங்குவதற்குக் கடை இருக்காது. கிரிஸ் ஹாலோவே என்ற அமெரிக்கப் பெண் 1989 முதல் 1991 வரை மாலியின் நம்போசெலா கிராமத்தில் மொனீக் என்ற மருத்துவச்சிக்கு உதவியாளராக இருந்தார். மொனீக் சிறிது பயிற்சி மட்டுமே பெற்றவர். ஓர் ஊரின் பிரசவங்களையெல்லாம் அவர்தான் பார்த்தார். தன்னார்வலர் ஊருக்குத் திரும்பினார். சில ஆண்டுகளில் மொனீக் தன் பிரசவத்திலேயே இறந்துபோனார். ஹாலோவே தோழியைப் பற்றிப் புத்தகம் எழுதினார். திரும்பிப் போவதற்கு விமானச் சீட்டு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1981இல் நைஜரின் மராடிப் பகுதிக்குச் சென்ற டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் பாலைவனத்தைத் தடுக்க மரக்கன்று நட்டுப் பார்த்தார். பெரும்பாலானவை கருகின. ஒரு நாள் வழியில் நின்றபோது, புதர் என்று அதுவரை நினைத்தது வெட்டிய மரத்தின் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்த கிளை என்று கண்டுகொண்டார். வேர் மண்ணுக்குள் உயிரோடுதான் இருந்தது. புதிதாக நடத் தேவையில்லை, துளிர்ப்பதை வெட்டாமல் கழித்துவிட்டால் போதும். உழவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். இன்று நைஜரில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் இப்படி மரம் மீண்டிருக்கிறது.

அதே காலத்தில் புர்கினா ஃபாசோவின் யாத்தெங்காவில் யாகூபா சவதோகோ என்ற உழவர், எந்த வெளிநாட்டாரும் சொல்லாமலே, பழைய 'ஸாய்' முறையைச் செம்மைப்படுத்தினார். கோடையிலேயே இறுகிய நிலத்தில் குழி வெட்டி, எரு போட்டு, மழைக்குக் காத்திருப்பது. எருவுக்கு வரும் கறையான் மண்ணைத் துளைத்து இளக்கிவிடும், மழைநீர் குழியில் நிற்கும். ஊரார் அவரைப் பைத்தியம் என்றார்கள், அவர் வளர்த்த காட்டுக்குத் தீ வைத்தார்கள். அவர் விடவில்லை. 2018ஆம் ஆண்டின் மாற்று நோபல் எனப்படும் விருது ரினாடோவுக்கும் சவதோகோவுக்கும் சேர்த்தே கிடைத்தது. அந்தத் தேர்வு எனக்குப் பிடித்திருந்தது. சவதோகோ 2023 டிசம்பரில் காலமானார்.

இப்போது அந்த ஊர்களுக்குத் தன்னார்வலர்கள் போவது ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆயுதக் குழுக்களின் வன்முறையால் அமைதிப் படை நைஜரை 2011இலும் புர்கினா ஃபாசோவை 2017இலும் விட்டு வெளியேறியது. ஊரார் எங்கே போவார்கள்? பல லட்சம் பேர் வீடு வாசலை விட்டு வேறு ஊர்களில் அகதிகளாகக் கிடக்கிறார்கள்.

அங்கே இரண்டு வருடம் இருந்தவர்கள் எழுதியதை நிறையப் படித்தாயிற்று. இப்போது அங்கேயே பிறந்தவர் எழுதியதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மாலியின் அமாது அம்பாத்தே பா, 1920களில் மேல் வோல்ட்டாவில் பிரெஞ்சு அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். கோப்பு, முத்திரை, மேலதிகாரியின் முன்கோபம் எல்லாம் அவர் நினைவுக் குறிப்புகளில் இருக்கின்றன. முப்பது வருடம் ஃபைல் கட்டிய எனக்கு அகராதி பார்க்காமலே புரிகிறது.